விரல் வைத்தால் கடிக்கும்

என் நாத்தனாரோடு கத்திரிக்காய் வாங்கப் போனவர்கள் யாரும் இரண்டாம் தடவை போனதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் விவரம் தெரியாமல் நான் போனேன். மார்க்கெட்டில் கூடைக்கு முன்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உடனே பொறுக்க ஆரம்பிப்பாள் என்று நான் பையை விரித்தேன். அவள் கையையே நீட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கார அம்மா முதலில் மரியாதையாகக் கேட்டார், பிறகு மரியாதை இல்லாமல் கேட்டார், அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டு மற்றவர்களுக்கு நிறுத்துப் போட ஆரம்பித்தார். கடைசியில் அவள் பொறுக்கிய அரைக் கிலோவில் ஒரு புழு கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது என் மாமியார் காய் இல்லாமலே குழம்பை இறக்கி வைத்திருந்தார். உனக்கு யாரும் சொல்லவில்லையா என்பது போல என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாப்பா கூட காய் வாங்கப் போனா, வீட்டுக்கு வர்றதுக்குள்ள அது முத்திடும்" என்பது அந்த வீட்டில் வழங்கிய பழமொழி.

பாப்பா என்றதும் பாவாடை சட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். முப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பாப்பா. வீட்டுக்குக் கடைசிப் பெண், அதனால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. என் கணவருக்கும் பாப்பா, மாமியாருக்கும் பாப்பா, பால்காரருக்கும் பாப்பா. என்னைவிட மூன்று வயது பெரியவள் என்றாலும் அண்ணன் பெண்டாட்டி என்பதால் என்னை அண்ணி, வாங்க, போங்க என்பாள். எனக்குத்தான் சங்கடம். அவ்வளவு பெரிய மனுஷியைப் பாப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் மாமியார் முறைப்பார். ஆகவே, "இங்க பாருங்க" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். எழுதும்போது இப்படி 'அவள்' என்று வருகிறது, நேரில் அந்தத் தைரியம் எனக்கு இன்றைக்கும் கிடையாது.

எங்கள் ஊர் மாவட்டத் தலைநகர் ஆன புதிது அது. கலெக்டர் ஆபீஸ் வந்ததும், அதற்கு மனு கொடுக்கிறவர்கள் வந்தார்கள். மனுவுக்கு நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைகள் வந்தன. அதில் ஒரு கடையில் அவள் வேலை பார்த்தாள். மெஷினிலிருந்து சூடாக வெளியே வரும் ஒவ்வொரு தாளையும் மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். மூலையில் முத்திரை முழுசாக விழுந்திருக்கிறதா, ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பாள். வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்கள். கடை முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "சீக்கிரம்" என்று யாராவது சொன்னால் அவளுக்கு வேகம் கம்மியாகுமே தவிர ஜாஸ்தியாகாது.

செருப்புக் கடைக்கு ஒரு தடவை என் கணவர் கூட்டிக்கொண்டு போனார். காலில் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கழற்றினாள். வேறொன்றைப் போட்டுக்கொண்டு நடந்தாள். மறுபடியும் பழையதைப் போட்டுக்கொண்டு நடந்தாள். கடைக்காரர் கொட்டாவி விட்டபடி, "நேரா நடந்திருந்தா இந்நேரம் கிரிவலமே முடிஞ்சிருக்கும்மா" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை அவளே நடித்துக் காட்டினாள். அவர் கொட்டாவியோடு சேர்த்து நடித்துக் காட்டினாள்.

இப்படி எல்லாவற்றையும் ஆற அமரப் பார்க்கிறவளை, பார்க்க வந்தவர்கள் யாரும் ஒரு காபி ஆறுகிற நேரத்துக்கு மேல் பார்த்ததில்லை.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டுக் கூடம் காலையிலேயே மாறிவிடும். பக்கத்து வீட்டு நாற்காலிகள் வரும். ரேடியோ மேல் பூப்போட்ட துணி ஏறும். நான் பஜ்ஜி போடுவேன், மாமியார் கேசரி கிளறுவார். அடுப்படியில் அதுவரை என்னோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், காபித் தட்டைக் கையில் வாங்கியதும் ஊமையாகிவிடுவாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் கேட்கும். வந்தவர்களுக்கு அது வளையல் சத்தமாகக் கேட்டிருக்கலாம். பின்னால் நின்ற எனக்கு அது எதனால் என்று தெரியும். பாயில் உட்கார்ந்ததும் தலை குனிந்துகொள்வாள். "பேரு இன்னாம்மா?" என்று கேட்பார்கள். ஜாதகத்தில் பார்த்த பேர்தான், ஆனாலும் பெண்ணுக்குப் பேச வருகிறதா என்று தெரிந்துகொள்ளக் கேட்பார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் என் மாமியார் பேரைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, "எங்க பொண்ணு ரொம்ப சாதுங்க. வாயில விரல வச்சாக்கூட கடிக்கத் தெரியாது" என்பார்.

எங்கள் ஊரில் இந்தச் சொல்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கிரிவலப் பாதையில் காவி கட்டி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவர் ஒரு சாது. வாயில் விரல் வைத்தால் கடிக்காதது இன்னொரு சாது. "இப்படியே சாது சாதுன்னு சொல்லிட்டிரும்மா, ஒரு நாள் யாராச்சும் காவிப் புடவையோட பொண்ணு கேட்டு வரப் போறாங்க" என்று என் கணவர் மாமியாரைக் கேலி செய்வார்.

வந்தவர்கள் படி இறங்கியதும் அவளுக்குப் பேச்சு திரும்பிவிடும். அடுப்படிக்கு வந்து மிச்சமிருக்கும் பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்வாள். பெரியவர் ஒருத்தர் பஜ்ஜியைத் துண்டில் முடிந்துகொண்டார். மாப்பிள்ளையின் அக்கா ரேடியோத் துணியைத் தூக்கி ரேடியோ இருக்கிறதா என்று பார்த்தாள். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் மட்டும், "பித்த வெடிப்பு இருக்குது அண்ணி" என்பாள். குனிந்த தலை நிமிராததால் அவளுக்கு எந்த மாப்பிள்ளையின் முகமும் தெரியாது. கால்தான் தெரியும். ஆரணிக் கால், பெருவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்த செய்யாறு கால் என்று கால்களாகவே அவர்களை நினைவு வைத்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் சத்தம் வராமல் சிரித்துப் புரண்டிருக்கிறோம்.

ஆரணிக் காலின் வீட்டார் தரகர் மூலம் பதில் சொல்லி அனுப்பினார்கள். பெண் ரொம்ப சாதுவாக இருக்கிறது, எங்கள் பையனுக்குக் கொஞ்சம் கலகலவென்று வேண்டும் என்று. என் மாமியாருக்கு வந்த கோபத்தில் தரகருக்குக் காபி கூடக் கொடுக்கவில்லை. அவள் அதைக் கேட்டு அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பாத்திரம் தேய்க்கிறேன் என்று கிணற்றடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தேன். தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடியும் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் ஒரு டம்ளரை எடுத்துத் தேய்த்தேன்.

அவள் அழுதது அந்த ஆரணிக் காலுக்காக இல்லை. செங்கம் பக்கம் என் மாமியாருக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் இருந்தார். மனைவி தவறிப்போய், பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்ட மனுஷர். வயதும் ஜாஸ்தி. அவரும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். வந்து பெண்ணைப் பார்க்கிறீர்களா என்றதற்கு, "பாக்கறதுக்கு இன்னா இருக்குது, உங்க பொண்ணு சாதுன்னு ஊருக்கே தெரியும்" என்றிருந்தார். இன்னும் ஒரே ஒரு இடம் பார்ப்பது, அதுவும் தட்டிப்போனால் அவருக்கே கொடுத்துவிடுவது என்று மாமியார் முடிவு செய்துவிட்டார். கத்திரிக்காயைக்கூடப் பார்க்காமல் எடுக்காதவளை, பார்க்காமலே எடுத்துக்கொண்டு போக ஒரு ஆள் தயாராக இருந்தார்.

என் கணவருக்கும் மனசு கேட்கவில்லை. உரக்கடையிலிருந்து வந்ததும் தங்கையைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் கேள், வாங்கித் தருகிறேன் என்றார். பட்டுப் புடவை கேட்பாள் என்று நாங்கள் நினைத்தோம். அதைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு நாள் ஆகும் என்ற கவலை எனக்கு.

"ஒரு முயல் வேணும்ணா" என்றாள்.

என் மாமியார் உள்ளேயிருந்து, "முயலா? குழம்புக்கா?" என்றார்.

வளர்ப்பதற்கு என்றாள். எதற்கு முயல் என்று கேட்டதற்கு, பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று பதில் சொன்னாள்.

அடி அண்ணாமலையில் ஒருவர் முயல் வளர்ப்பதாகக் கேள்விப்பட்டு, அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பால்காரரிடம், கடிக்காததாக, சாதுவாக ஒன்று இருக்கிறதா என்று விசாரித்து வரச் சொன்னார் என் கணவர். அதே அடி அண்ணாமலையில்தான் தரகரும் இருந்தார். அவர் சொல்லி அனுப்பப்போகும் கடைசி இடத்துக்காக என் மாமியார் தினமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டும் ஒரு காலை வேளையில் மோதிக்கொண்டன.

பால்காரர் பாலை ஊற்றிவிட்டு மாமியாரிடம், "அடி அண்ணாமலைல சொல்லி அனுப்பினாருங்க. ஆண் ஒண்ணு இருக்குதாம். நல்ல வெள்ளை. ரொம்ப சாது. நேர்ல வந்து பாத்துக்கச் சொன்னாரு" என்றார்.

மாமியார் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். "இன்னா வயசு?"

"ஆறு மாசம் இருக்கும்."

"பாப்பாவவிட ஆறு மாசம்தான் பெரியவனா? பரவால்ல. வேலைக்குப் போறானா?"

பால்காரர் யோசித்தார். "அதெப்படிங்க போவும்? துன்னுட்டுத் துன்னுட்டுத் தூங்கும்."

மாமியார் முகம் போன போக்கைப் பார்த்து, கதவுக்குப் பின்னால் நின்ற அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பால்காரருக்குக் கடைசி வரை என்ன நடந்தது என்று தெரியவில்லை. மாமியார் மட்டும் அன்று முழுக்க, அடி அண்ணாமலைக்காரர்கள் யாருக்கும் பேச்சு ஒழுங்கில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் டவுன் பஸ்ஸில் போனோம். முயல்காரர் நல்ல மனுஷர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு, கம்பிவலை அடித்த பெட்டிகளில் முயல் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு பெட்டியிலிருந்து வெள்ளை முயல் ஒன்றை எடுத்துக் கீழே வைத்தார். பஞ்சு மாதிரி இருந்தது. சுவர் மூலையில் ஒண்டி, காது இரண்டையும் முதுகோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தது. "சாதுவா கேட்டீங்களாமே, இதுதான். தொட்டாக்கூட அசையாது பாருங்க" என்று விரலால் குத்திக் காட்டினார். உண்மையாகவே அசையவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. என் கணவர் அப்போதே பையைப் பிரித்துவிட்டார்.

அவள் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எனக்குக் கத்திரிக்காய்க் கூடை ஞாபகம் வந்தது. கிளம்பினாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "நெஞ்சு அடிச்சுக்கறதப் பாருங்க அண்ணி. மூக்குகூட ஆடல. கண்ணு எப்படித் தெறிக்குது பாருங்க. இது சாது இல்ல. பயந்து போயிருக்குது."

முயல் என்றால் அப்படித்தான் அம்மா என்றார் முயல்காரர்.

"நானும் இப்படித்தான் உக்காந்திருப்பேன்" என்றாள், அவருக்குப் பதில் சொல்கிற மாதிரி. சாதாரணமாகத்தான் சொன்னாள். என் கணவர் கையில் பிரித்த பையைச் சத்தம் இல்லாமல் மடித்தார். அதுவரை பஸ்ஸுக்காக மணி பார்த்துக்கொண்டிருந்தவர், கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

பெட்டியில் இருக்கிற எல்லாவற்றையும் தரையில் விடச் சொன்னாள். அப்புறம் யார் பிடிப்பது என்று முயல்காரர் அலுத்துக்கொண்டாலும், கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு அவிழ்த்து விட்டார். எங்களையும் தரையில் உட்காரச் சொன்னாள். இஸ்திரி போட்ட பேண்ட்டோடு என் கணவர் புழுதியில் உட்கார்ந்தார். அவள் முயல்களுக்கு முதுகை முக்கால்வாசி காட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி கையை மட்டும் தரையில் வைத்து உட்கார்ந்தாள். நான் ஆசையாக முயல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உத்துப் பாக்காதீங்க அண்ணி. பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி பாத்தா எப்படி வரும்?"

வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. என் கால் மரத்துப்போனது. சாம்பல் நிறத்தில், ஒரு காது நுனி கிழிந்த முயல் ஒன்று எங்களைச் சுற்றி வந்தது. பார்க்க லட்சணம் என்று சொல்ல முடியாது. முதலில் என் கணவர் செருப்பை முகர்ந்தது. அப்புறம் அவள் புடவைக் கரையைப் பல்லால் பிடித்து இழுத்தது. தாடையை அவள் செருப்பில் தேய்த்தது. கடைசியில் தரையில் இருந்த அவள் விரலை மெதுவாக ஒரு கடி கடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. அது நின்று பார்த்துவிட்டு, தலையைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கைக்குக் கீழே நுழைத்துக்கொண்டது.

"அது வாலுங்க. கடிக்கும்" என்றார் முயல்காரர்.

"கடிக்கல. யாருன்னு கேக்குது" என்றாள். "இதக் குடுங்க."

சாதுவாக அல்லவா கேட்டீர்கள் என்று அவர் இழுத்தார். சாதுதான் வேண்டுமென்றால் வருகிற வழியில் மரத்துக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார்களே, கூட்டிக்கொண்டு போயிருப்போமே, எனக்கு வேண்டியது பழகுகிற முயல் என்றாள். முயல்காரர் சிரித்துவிட்டார். கிளம்பும்போது அவள் மறுபடியும் அந்த வெள்ளை முயலிடம் போனாள். தொடவில்லை. முயல்காரரிடம், "இதுக்கு ஒளிஞ்சுக்கறதுக்கு ஒரு பானையப் படுக்கப் போட்டு வைங்க. கொஞ்ச நாளைக்கு யாரும் தூக்காதீங்க. வராதுன்னு இல்ல, நேரமாவும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்த முயல் ஒரு வாரத்தில் எங்கள் எல்லோரையும் விலைக்கு வாங்கிவிட்டது. ரேடியோ ஒயரைக் கடித்தது. என் கணவரின் உரக்கடை ரசீதைத் தின்றது. என் மாமியார் அதைச் சனியன் என்றுதான் கூப்பிட்டார், ஆனால் கேரட் நறுக்கும்போது அந்தச் சனியனுக்கு என்று காம்புப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வெட்டுவார். இவள் ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும், அது ஓடிவந்து காலைச் சுற்றும். என்ன பேர் வைக்கலாம் என்று நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். பழகட்டும், அப்புறம் வைக்கலாம் என்று தள்ளிப்போட்டாள். காய்க்கே அவ்வளவு நேரம் என்றால் பேருக்குக் கேட்க வேண்டுமா?

அந்தக் கடைசி இடம் வந்தது. போளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். அவரும், அவர் அம்மாவும், தாய்மாமனும் வந்தார்கள். முயலைக் குளியலறையில் விட்டுச் சாத்தியிருந்தோம். வழக்கம்போல நாற்காலிகள், வழக்கம்போல கேசரி. தட்டில் டம்ளர் வழக்கத்தைவிட ஜாஸ்தியாக இடித்தது. இது தட்டிப்போனால் செங்கம்தான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பஜ்ஜியைக் கருக விட்டுவிட்டு, அடுப்படி வாசலில் நின்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"எங்க பொண்ணு ரொம்ப சாதுங்க" என்று மாமியார் ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துத் தாய்மாமனுக்கு எண்ணெய்க் கையைக் கழுவ வேண்டியிருந்தது. எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் திறந்தார்.

முயல் நேராகக் கூடத்துக்கு வந்தது. யார் வீட்டுக் கல்யாணமோ என்று ஒவ்வொருவர் காலாக முகர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தலைப்பை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தது. அப்புறம் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. என் நாத்தனார் தலை குனிந்தபடி இருந்தாள். அவள் கண்ணுக்கு நேரே எப்போதும்போல ஒரு ஜோடிக் கால். திடீரென்று அந்தக் கால்களைக் காணோம்.

அத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவள் ஒரு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனுஷர் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்து, முட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு ஓரமாக ஒண்டியிருந்தார். கண் தெறித்துக்கொண்டிருந்தது. சட்டைப் பாக்கெட்டில் செருகியிருந்த பேனா மேலும் கீழும் போய்வந்தது.

அவர் அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. "எங்க பையன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாங்க. ரொம்ப சாது."

"சாது இல்லிங்க. பயந்துட்டிருக்காரு."

யார் பேசியது என்று எல்லோரும் தேடினார்கள். மாமியார் என்னைத்தான் முறைத்தார். அதற்குள் அவள் பாயிலிருந்து நகர்ந்து வெறும் தரையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்கு முதுகை முக்கால்வாசி காட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, கையை மட்டும் தரையில் வைத்து உட்கார்ந்தாள். முயல் வந்து அவள் கைக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டது. பெண் பார்க்க வந்தவருக்கு ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் என் மாமியார் நிலைமை என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் எழப்போனார். என் கணவர் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

காபி ஆறி ஏடு படிந்தது. நாற்காலியிலிருந்து ஒரு கால் இறங்கியது.

"கடிக்குமா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"கடிக்கும்" என்றாள், திரும்பாமலே. "மெதுவாத்தான்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு காலும் இறங்கியது. முயல் போய் அந்தப் பெருவிரலில் தாடையைத் தேய்த்தது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், ஆனால் காலை எடுக்கவில்லை. பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்.

"பேரு என்னங்க?"

முயலைப் பார்த்துக் கேட்டாரா, அவளைப் பார்த்துக் கேட்டாரா என்று எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு. முயலைத்தான் கேட்டேன் என்பார் அவர். இல்லை, என்னைத்தான் என்பாள் அவள். எப்படியானாலும் என் மாமியார் பழக்க தோஷத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அவள் கையை உயர்த்தி, இரும்மா என்பது போல நிறுத்தினாள்.

"அதுக்கு இன்னும் வைக்கலிங்க" என்றாள். அப்புறம் நன்றாகத் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து, தன் பேரைச் சொன்னாள்.

அந்தப் பேர் ஆவணியில் கல்யாணப் பத்திரிகையில் சிவப்பு எழுத்தில் வந்தது. இங்கே நான் அதை எழுதப் போவதில்லை. அதை அவளுக்காக மற்றவர்கள் சொன்னதெல்லாம் போதும், நானும் ஒரு ஆளாகச் சேர வேண்டாம். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் போளூருக்குப் போய் அவளையே கேளுங்கள். சொல்வாள். முதலில் உங்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள்.